பையனுக்கு எத்தனையாம் நம்பர் பேட்?

ஒரு கிலோ இருநூறு கிராம். கடையில் ‘ஷார்ட் ஹேண்டில்’ என்று கேட்டால் எடுத்துத் தருகிற பெரியவர் அளவு காஷ்மீர் வில்லோ பேட்டின் எடை ஏறக்குறைய இவ்வளவு. 65 கிலோ எடையுள்ள ஆள் அதைத் தூக்கும்போது, தன் உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குகூடத் தூக்குவதில்லை. 32 கிலோ எடையுள்ள ஏழாம் வகுப்புப் பையனுக்கு அதுவே நூற்றுக்கு மூன்றே முக்கால் பங்கு. கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். அந்தப் பையன் சுமக்கிற அதே விகிதத்தில் பெரியவரும் சுமக்க வேண்டுமானால், அவர் கையில் 2 கிலோ 440 கிராம் பேட்டைக் கொடுக்க வேண்டும். எந்தப் பெரியவரும் அதை எடுத்துக்கொண்டு களத்தில் இறங்க மாட்டார். பையன் இறங்குகிறான். இருப்பது ஒரே பேட், அதுவும் அண்ணன்மார் காசு போட்டு வாங்கியது.

சங்கராபுரம் பக்கம் அறுவடை முடிந்த வயலிலும், தண்ணீர் வற்றிய ஏரித் தரையிலும், பள்ளி மைதானத்திலும், மேலே கல்வராயன்மலையின் வெள்ளிமலை, கரியாலூர்ப் பகுதியிலும் நடக்கிற ஆட்டத்தில் பாதி இப்படித்தான் நடக்கிறது. பேட் வாங்கப் போகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி விலை, இரண்டாவது கேள்வி கம்பெனி. நம்பரைக் கேட்பவர் குறைவு. பேட்டுக்குச் செருப்பைப் போலவே நம்பர் உண்டு. அந்த நம்பரைக் கேட்டு வாங்கினால் செலவு குறையும், பையனும் ஒழுங்காக ஆடக் கற்பான். இதை எண்களை வைத்தே காட்ட முடியும்.

முதலில் விதி. கிரிக்கெட் விதிகளை எழுதிப் பராமரிப்பது லண்டனிலுள்ள மெரில்போன் கிரிக்கெட் கிளப். அதன் ஐந்தாம் விதி முழுக்க பேட்டைப் பற்றியது. மொத்த நீளம் 38 அங்குலத்தை, அதாவது 96.52 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. அகலம் நாலேகால் அங்குலம், 10.8 செ.மீ. தடிமன் 6.7 செ.மீ. ஓரம் 4 செ.மீ. பலகையின் மேல் ஒட்டுகிற உறை 1 மி.மீ.க்குள், அடிமுனையில் ஒட்டுகிற காப்பு 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். பலகை மரத்தாலானதாக மட்டுமே இருக்க வேண்டும்.

இந்த எண்கள் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு தகராறு இருக்கிறது. 1771 செப்டம்பரில் இங்கிலாந்தில் ஓர் ஆட்டக்காரர் ஸ்டம்புகளையே மறைக்கிற அகலத்தில் பேட்டைக் கொண்டுவந்தார். எதிரணியினர் உடனே உட்கார்ந்து நாலேகால் அங்குலம்தான் அளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டரை நூற்றாண்டு கழிந்தும் அகலம் அதேதான். நீளத்துக்கு 1835-இல் வரம்பு வந்தது. 1979 டிசம்பரில் பெர்த் டெஸ்டில் டென்னிஸ் லில்லி அலுமினிய பேட்டோடு ஆட வந்தார். அடுத்த ஆண்டே பலகை மரத்தால்தான் இருக்க வேண்டும் என்று விதியில் எழுதினார்கள். ஓரத்தின் தடிமன் ஏறிக்கொண்டே போனதால் 2017 அக்டோபர் 1 முதல் 4 செ.மீ. என்று கட்டிப் போட்டார்கள். 2025 ஐ.பி.எல். ஆட்டங்களில் நடுவர்கள் களத்திலேயே அளவுச் சட்டத்துக்குள் பேட்டை நுழைத்துப் பார்த்ததைத் தொலைக்காட்சியில் பலரும் பார்த்திருப்பார்கள்.

இத்தனை எண்களும் மேல் வரம்புதான். இதற்கு மேல் போகாதே என்கிறது விதி. இன்ன உயரத்துப் பையனுக்கு இன்ன அளவு என்று சொல்வதில்லை. எடையைப் பற்றி ஐந்தாம் விதியில் ஒரு சொல்கூடக் கிடையாது. ஒரு கிலோவும் செல்லும், ஒன்றரைக் கிலோவும் செல்லும். சிறுவர் பக்கம் விதி திரும்புகிற இடங்கள் சிலவே. கைப்பிடி மொத்த நீளத்தில் 52 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிற நிபந்தனையிலிருந்து ஆறாம் நம்பருக்கும் அதற்குக் கீழே உள்ள பேட்களுக்கும் விலக்கு உண்டு. மரத்துண்டுகளை ஒட்டிச் செய்கிற பேட்டுக்கு 2017 முதல் சிறுவர் ஆட்டத்தில் இடம் தந்தார்கள். அதையே 2026 அக்டோபர் 1 முதல் பெரியவர்களின் பொழுதுபோக்கு ஆட்டத்துக்கும் நீட்டுவதாக அறிவித்திருக்கிறார்கள். வில்லோ மரம் விலையேறிவிட்டது என்பதுதான் காரணம். இந்தச் சலுகை நம் ஊர்களுக்கு உதவும்.

பந்து விஷயத்தில் விதி பிள்ளைகளை நினைத்துப் பார்த்திருக்கிறது. ஆண்களுக்கு 156 முதல் 163 கிராம், பெண்களுக்கு 140 முதல் 151 கிராம், சிறுவருக்கு 133 முதல் 144 கிராம். சிறுவர் பந்தின் சுற்றளவும் 20.5 முதல் 22 செ.மீ. வரைதான். ஆண்கள் பந்து 22.4-இல்தான் தொடங்குகிறது. பந்துக்குச் செய்ததை பேட்டுக்குச் செய்யாமல் விட்டது குறை என்றே நான் நினைக்கிறேன்.

பேஸ்பால் இந்த வேலையை வேறு விதமாகச் செய்திருக்கிறது. இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் பட்டியலில் பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் உண்டு என்றாலும் நம் பக்கத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த உருட்டு பேட்டைக் கையில் பிடித்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் பிள்ளைகள் ஆடுகிற ‘லிட்டில் லீக்’ அமைப்பில், 12 வயது வரைக்கான பிரிவுகளில் பேட்டின் விட்டம் இரண்டு அங்குலமும் எட்டில் ஐந்து பங்கும், அதாவது 6.67 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். நீளம் 33 அங்குலம், 83.8 செ.மீ. 2018 ஜனவரி 1 முதல் ‘யு.எஸ்.ஏ. பேஸ்பால்’ முத்திரை இல்லாத உலோக பேட்டும் கலப்புப்பொருள் பேட்டும் செல்லாது. ஒரே கட்டையில் கடைந்த மர பேட்டுக்கு முத்திரை தேவையில்லை. எந்தப் பொருளில் செய்தாலும் பந்து மர பேட்டில் பட்டால் போகிற வேகத்தை ஒட்டியே போக வேண்டும் என்பதுதான் அந்த முத்திரையின் பொருள்.

பேஸ்பாலில் எடைக்கும் கணக்கு உண்டு. நீளத்தை அங்குலத்திலும் எடையை அவுன்சிலும் எழுதி ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பார்கள். 30 அங்குல பேட் 20 அவுன்ஸ் இருந்தால் வித்தியாசம் பத்து. சின்னப் பிள்ளைகள் இந்த வித்தியாசம் அதிகமுள்ள, எடை குறைந்த பேட்டை வைத்து ஆடலாம். உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் வித்தியாசம் மூன்றுக்கு மேல் போகக் கூடாது. 33 அங்குல பேட் குறைந்தது 30 அவுன்ஸ், அதாவது 850 கிராம் இருந்தே ஆக வேண்டும். காரணம் பந்து எறிபவரின் பாதுகாப்பு. லிட்டில் லீக்கில் எறிபவர் நிற்பது 46 அடியில், சுமார் 14 மீட்டர். நம் பிட்ச் 20 மீட்டர். லேசான உலோக பேட்டை வளர்ந்த பையன் சுழற்றினால் பந்து திரும்பி வருகிற வேகத்தில் எறிபவருக்குக் கையைத் தூக்கக்கூட நேரம் இருக்காது. அதனால் வளர்ந்தவனுக்கு எடையில் கீழ் வரம்பு வைத்தார்கள், சிறுவனை அதிலிருந்து விட்டுவிட்டார்கள். பிள்ளையின் வயது அங்கே விதிக்குள்ளேயே வந்துவிட்டது.

ஜப்பான் இதை இன்னும் கண்டிப்பாகச் செய்தது. அங்கே பள்ளி பேஸ்பால் ஒரு தேசியத் திருவிழா. 2024 வசந்தகாலப் போட்டி முதல் உலோக பேட்டின் விட்டத்தை 67 மி.மீ.யிலிருந்து 64 ஆகக் குறைத்தார்கள். பந்து படுகிற இடத்தின் தகட்டுத் தடிமனை 3 மி.மீ.யிலிருந்து ஏறத்தாழ 4 ஆக்கினார்கள். 900 கிராமுக்குக் குறையக் கூடாது என்ற பழைய விதி அப்படியே நின்றது. விளைவு உடனே தெரிந்தது. 2023 கோடைகாலப் போட்டி முழுவதிலும் எல்லை தாண்டி அடித்த ‘ஹோம் ரன்’ 23. 2024 கோடையில் 7. மூன்று மில்லிமீட்டரும் ஒரு மில்லிமீட்டரும் சேர்ந்து ஆட்டத்தையே மாற்றிவிட்டன. பேட்டின் அளவு அற்ப விஷயம் என்று நினைப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான சான்று நான் தர முடியாது.

நம் கணக்குக்கு வருவோம். கிரிக்கெட் பேட் கம்பெனிகள் உயரத்துக்கு ஒரு நம்பர் என்று அட்டவணை போடுகின்றன. கம்பெனிக்குக் கம்பெனி அரை அங்குலம் மாறும், பொது வழக்கு இதுதான். நாலடி ஆறு அங்குலம் முதல் நாலடி ஒன்பது வரை மூன்றாம் நம்பர். அதற்கு மேல் நாலடி பதினொன்று வரை நான்காம் நம்பர், பேட்டின் நீளம் 76 செ.மீ. அளவில்; ஐந்தடி இரண்டு வரை ஐந்தாம் நம்பர், 78 செ.மீ.; ஐந்தடி ஐந்து, ஆறு வரை ஆறாம் நம்பர், சுமார் 80 செ.மீ.; அதற்கு மேல் ‘ஹாரோ’, 83 செ.மீ. ஐந்தடி எட்டு, ஒன்பதைத் தாண்டினால்தான் ஷார்ட் ஹேண்டில், 85 செ.மீ.

இதன் பக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையை வைத்துப் பாருங்கள். அந்த அட்டவணைப்படி 11 வயதுப் பையனின் நடுத்தர உயரம் 143 செ.மீ., 12 வயதில் 149, 13 வயதில் 156, 14 வயதில் 163. அடிக்கணக்கில் முறையே நாலடி எட்டு, நாலடி பத்தரை, ஐந்தடி ஒன்றரை, ஐந்தடி நான்கு. பேட் நம்பராக மாற்றினால் மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. பதினான்கு வயது நிரம்பிய நடுத்தர உயரப் பையனுக்குக்கூடப் பெரியவர் பேட் இரண்டு படி மேலே இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலர் இந்த உலக அட்டவணையைவிடச் சில சென்டிமீட்டர் குறைவு என்பதால் இடைவெளி இன்னும் கூடும். பெண் பிள்ளைகள் 11, 12 வயதில் பையன்களைவிட இரண்டு செ.மீ. உயரமாக இருப்பார்கள் (145, 151), பிறகு பையன்கள் முந்துவார்கள். எனவே வகுப்பை வைத்து பேட் வாங்கக் கூடாது. சுவரில் நிறுத்தி அளந்துதான் வாங்க வேண்டும்.

இங்கே ஒருவர் கட்டாயம் சச்சினைக் கொண்டுவருவார். ஐந்தடி ஐந்து உயரம், கையில் ஏறத்தாழ 1.4 கிலோ பேட், நூறு சதம். உண்மைதான். சின்ன வயதில் அண்ணனின் பெரிய பேட்டை வைத்து ஆடியதால்தான் கைப்பிடியின் அடியில் பிடிக்கிற பழக்கம் தனக்கு வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பிடியோடு நூறு சதம் அடித்தவர் ஒருவர். அதே பிடியால் நேராக ஆட வராமல் நின்றுபோனவர்களின் எண்ணிக்கையை யாரும் எடுத்ததில்லை.

பெரிய பேட் என்ன செய்கிறது என்பதை எந்தப் பள்ளி மைதானத்திலும் பார்க்கலாம். பையன் கார்டு எடுத்து நிற்பான். கைப்பிடியின் நுனி வயிற்றில் இடிக்கும் என்பதால் பேட்டைச் சாய்த்துப் பிடிப்பான். மேல் கை பலமில்லாமல் தளர்ந்திருக்கும். வலது கை கீழே இறங்கிப் பலகையின் தோளையே தொடும். பந்து வரும்போது பேட்டைப் பின்னால் தூக்குவான். அது நேராக மேலே எழாது, எடை இழுக்கிற பக்கம், இரண்டாவது ஸ்லிப்புக்கும் கல்லிக்கும் நடுவே போகும். அங்கிருந்து நேராக வர நேரம் இருக்காது, குறுக்கே வரும். பந்து லெக் பக்கம் போனால் ரன், நேராக வந்தால் ஸ்டம்ப். ‘குறுக்க ஆடாதடா’ என்று எல்லையிலிருந்து கத்துவார்கள். அவன் வேண்டுமென்று குறுக்கே ஆடவில்லை. பேட் அவனை ஆட்டுகிறது.

இதை எண்ணாகவும் சொல்லலாம். ஒரு பொருளைச் சுழற்ற எவ்வளவு சிரமம் என்பது அதன் எடையையும், நீளத்தின் இருமடிப் பெருக்கத்தையும் பொறுத்தது. ஷார்ட் ஹேண்டில் 1.2 கிலோ, 0.85 மீட்டர். ஐந்தாம் நம்பர் சுமார் 0.93 கிலோ, 0.78 மீட்டர். இரண்டும் ஒரே வடிவம் என்று வைத்துக்கொண்டு பெருக்கினால் முதலாவது 0.867, இரண்டாவது 0.566. எடையில் கூடுதல் 29 சதவீதம்தான். சுழற்றுகிற சிரமத்தில் 53 சதவீதம். கையில் தூக்கிப் பார்த்து ‘பெரிய வித்தியாசமில்லையே’ என்று அப்பாக்கள் சொல்வது இதனால்தான். தூக்குவது வேறு, சுழற்றுவது வேறு.

கடையிலேயே செய்துபார்க்க ஒரு சோதனை உண்டு. வலது கை ஆட்டக்காரன் என்றால் இடது கையால் மட்டும் கைப்பிடியின் மேல் பகுதியைப் பிடித்து, பேட்டை முன்னால் நேராக நீட்டி நிறுத்தச் சொல்லுங்கள். சில நொடிகளிலேயே முனை தாழ்ந்தால் அந்த பேட் வேண்டாம். அடுத்து, ஆடுகிற நிலையில் பேட்டைப் பாதத்துக்குப் பக்கத்தில் ஊன்றிப் பார்க்க வேண்டும். கைப்பிடி நுனி இடுப்பைத் தாண்டி ஏறினால் ஒரு நம்பர் குறைத்துக் கேளுங்கள். ‘வளர்ற பையன், ரெண்டு வருஷம் வரட்டும்’ என்று சட்டைக்குச் சொல்கிற நியாயம் இங்கே எடுபடாது. இரண்டு வருஷத்தில் தப்பான பிடி கையில் ஊறிவிடும்.

உள்ளூர் ஆசாரியிடம் செய்துகொள்ளலாமே என்ற யோசனையும் பலருக்கு உண்டு, நியாயமான யோசனைதான். ஆனால் மரத்தின் கணக்கு வேறு. வில்லோ ஒரு லிட்டர் கன அளவுக்கு 430 கிராம் சுமாருக்கு நிற்கும். பெரியவர் பேட்டின் பலகை மட்டும் இரண்டு லிட்டருக்குச் சற்று மேல். அதையே லிட்டருக்கு 700 கிராம் நிற்கிற வேம்பில் இழைத்தால் பலகை 1.47 கிலோ, கைப்பிடியோடு 1.7 கிலோவைத் தொடும். நான்காம் நம்பர் அளவுக்குச் சுருக்கினாலும் 1.25 கிலோ வரும், அதாவது பெரியவர் வில்லோ பேட்டின் எடை. ஆசாரி கெட்டிக்காரர் என்றால் மெல்லியதாக இழைத்து எடையைக் குறைப்பார். அது டென்னிஸ் பந்துக்குத் தாங்கும், தோல் பந்துக்குப் பிளந்துவிடும். டென்னிஸ் பந்து 56 முதல் 59.4 கிராம்தான், தோல் பந்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆடுவது அதில்தான் என்பதால் அவர்களுக்கு 1.2 கிலோ கட்டை எந்த வகையிலும் தேவையில்லை. ஆசாரியிடம் கேட்பதானால் 76 செ.மீ. நீளம், 900 கிராமுக்குள் என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். பிளந்த பேட்டில் ஆணி அடிப்பதை மட்டும் அடியோடு நிறுத்த வேண்டும். தலை நீட்டிய ஆணி பந்தின் தோலையும் கிழிக்கும், கையையும் கிழிக்கும். நூல் சுற்றி ஒட்டுவதற்கும் டேப் போடுவதற்கும் விதியிலேயே இடம் இருக்கிறது.

வில்லோ பேட் வருவது காஷ்மீரிலிருந்து. ஸ்ரீநகரில் தொடங்கிச் சேலம் வழியாகக் கன்னியாகுமரி போகிற தேசிய நெடுஞ்சாலை 44-இல், அனந்த்நாக் பக்கம் சங்கம், ஹால்முல்லா என்ற ஊர்களில் சாலையோரமே பலகைகளை அடுக்கிக் காய வைத்திருப்பார்கள். சுமார் 400 பட்டறைகள், ஆண்டுக்கு 30 லட்சம் பேட் என்பது அங்குள்ள தயாரிப்பாளர்கள் சொல்கிற கணக்கு. அறுத்த பலகை மாதக்கணக்கில் காய்ந்து ஈரம் இறங்கிய பிறகுதான் பேட்டாகும். அவசரத்தில் காயவைத்ததை வாங்கினால் எடையும் கூடும், ஓரமும் சீக்கிரம் பிளக்கும். இங்கிலீஷ் வில்லோ என்பது இங்கிலாந்திலிருந்து பலகையாக வந்து மீரட்டிலும் ஜலந்தரிலும் பேட்டாவது. அதன் விலையே தனி உயரத்தில் இருக்கிறது.

விலையில் ஒரு நல்ல செய்தி உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் விளையாட்டுப் பொருள்களின் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது. வரிக்கு முன் 1,200 ரூபாய் பேட், முன்பு 1,344; இப்போது 1,260. ஒரு பேட்டுக்கு 84 ரூபாய், ஆறு பேட்டுக்கு 504. ஒரு தோல் பந்தோ இரண்டோ அதில் வந்துவிடும். பில் கேட்டு வாங்கினால்தான் இந்த வித்தியாசம் கைக்கு வரும்.

இனிச் செலவுக் கணக்கு. 11 முதல் 14 வயது வரை 15 பேர் கொண்ட பள்ளி அணி ஒன்று. தோல் பந்தில் பயிற்சி தொடங்கப் போகிறது. நடுத்தரத்துக்குச் சற்றுக் கீழான தரத்தில், வரியோடு சேர்த்த தோராய விலையில் போடுகிறேன். கடைக்குக் கடை நூறு இருநூறு முன்பின் இருக்கும்.

நான்காம் நம்பர் பேட் 2 × 1,100 = 2,200
ஐந்தாம் நம்பர் பேட் 2 × 1,250 = 2,500
ஆறாம் நம்பர் பேட் 2 × 1,400 = 2,800
மாற்று கிரிப் 6 × 80 = 480
அடிமுனைக் காப்பும் டேப்பும் 6 × 60 = 360
ஆளி விதை எண்ணெய் = 150
சிறுவர் தோல் பந்து 6 × 250 = 1,500
ஹெல்மெட், சிறுவர் அளவு 4 × 1,200 = 4,800
கால்காப்பு 4 ஜோடி × 900 = 3,600
கையுறை 4 ஜோடி × 500 = 2,000
அடிவயிற்றுக் காப்பு 6 × 100 = 600
கீப்பர் கையுறை, கால்காப்பு = 1,500
மொத்தம் 22,490 ரூபாய்

தலைக்கு ஏறக்குறைய 1,500 ரூபாய். இதில் பேட்டுக்கு மட்டும் 7,500. இரண்டு பருவம் உழைத்தால் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 250 ரூபாய். இப்போது வழக்கமாக நடப்பதைப் பக்கத்தில் வையுங்கள். எல்லாரும் காசு போட்டு ‘நல்ல பேட்டா ஒண்ணு எடுத்துருவோம்’ என்று 12,000 ரூபாய்க்குத் தொடக்க நிலை இங்கிலீஷ் வில்லோ, ஷார்ட் ஹேண்டில் வாங்குகிறார்கள். ஆறு பேட்டின் விலையைவிட 4,500 அதிகம். அணியில் அது சரியாகப் பொருந்துகிற பையன் ஒருவனாவது இருப்பானா என்பது சந்தேகம். மறுமுனையில் நிற்கிற ஆட்டக்காரனுக்கு இன்னொரு பேட்டும் இல்லை. அந்த ஒன்றும் உடைந்தால் ஆட்டமே நின்றுவிடும். மிச்சமாகும் 4,500-ஐ ஹெல்மெட்டில் போட்டால் நான்கு ஹெல்மெட்டுக்கு 300 ரூபாய்தான் குறையும். பேட்டில் செலவைச் சுருக்கி ஹெல்மெட்டை வாங்க வேண்டும் என்பதுதான் என் முடிவு. தோல் பந்து விளையாட்டில் தலைக் காப்பு இல்லாமல் ஒரு பிள்ளையையும் இறக்கக் கூடாது.

12,000 ரூபாய் என்றால் இந்த வட்டாரத்தில் என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும். 2025-26-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குத் தினக்கூலி 336 ரூபாய். அந்த பேட் 36 நாள் கூலி. நான்காம் நம்பர் காஷ்மீர் வில்லோ மூன்றே கால் நாள் கூலி. கரும்பில் சொன்னால், பிழிதிறன் ஒன்பதரை சதவீதத்துக்குக் குறைந்த ஆலைக்கு மத்திய அரசு 2025-26 பருவத்துக்கு நிர்ணயித்தது டன்னுக்கு 3,290 ரூபாய் 50 காசு. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கோ கச்சிராயபாளையம் ஆலைக்கோ மூன்றரை டன்னுக்கு மேல் கரும்பு வெட்டி அனுப்பினால்தான் அந்த ஒரு பேட். வெட்டுக்கூலியும் வண்டிக்கூலியும் இதில் கழிக்கவில்லை.

அரசு பக்கமிருந்து பொருள் வராமலில்லை. கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு என்ற திட்டம் 2024-இல் தொடங்கியது. கிரிக்கெட், கால்பந்து, கைப்பந்து உட்பட 33 வகை உபகரணங்கள், தமிழ்நாட்டின் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட கிராம ஊராட்சிகளுக்கு, சுமார் 86 கோடி ரூபாயில். வகுத்துப் பார்த்தால் ஓர் ஊராட்சிக்குச் சராசரி 68,600 ரூபாய், ஒரு வகைக்கு 2,080 ரூபாய். பெரிய தொகை, வரவேற்க வேண்டிய வேலை. இப்படிப்பட்ட எந்தக் கொள்முதலிலும் ‘கிரிக்கெட் பேட்’ என்று ஒரே வரியில் எழுதினால் வருவது பெரியவர் அளவுதான். நம்பரோடு எழுதினால்தான் பிள்ளைக்கானது வரும்.

முதலமைச்சர் கோப்பைப் போட்டியில் பள்ளிப் பிரிவு 12 வயதிலிருந்து 19 வரை ஒரே பிரிவு. நான்காம் நம்பர் பேட் பிடிக்க வேண்டியவனும் ஷார்ட் ஹேண்டில் பிடிக்கிறவனும் ஒரே அணியில் நிற்கலாம் என்று பொருள். மாவட்ட அளவில் முதல் பரிசு தலைக்கு 3,000 ரூபாய். 15 பேர் அணி வென்றால் 45,000, மேலே போட்ட மொத்தச் செலவுப் பட்டியலில் இரண்டு மடங்கு. பரிசு ஆட்டக்காரர் கைக்குப் போகிறது, அது அவர்கள் பணம். ஆனால் அந்தக் களத்துக்கு ஒரு மலைப் பள்ளி அணி வந்து சேரத் தேவைப்படுகிற முதலீடு எவ்வளவு சிறியது என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்கின்றன.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் 412 கிராம ஊராட்சிகள். ஒவ்வொன்றுக்கும் நான்காம் நம்பரில் ஒன்று, ஆறாம் நம்பரில் ஒன்று என்று இரண்டு பேட் சேர்த்தால், சராசரி 1,250 வீதம் 10 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய். தொகுப்புத் திட்டத்தின் சராசரிப்படி இந்த மாவட்டத்துக்கு வருகிற 2 கோடியே 83 லட்சத்தில் இது நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லை. கல்வராயன்மலை ஒன்றியத்தின் 15 ஊராட்சிகளுக்கு மட்டும் முதலில் செய்யலாம் என்றால் 37,500 ரூபாய். மலையில் ஓர் ஊராட்சி என்பது ஒரே ஊரல்ல, தள்ளித் தள்ளி இருக்கிற பல குக்கிராமங்கள். அதனால் இரண்டுக்குப் பதில் நான்கு என்று இரட்டிப்பாக்கி 75,000 என்று வைக்கலாம். பள்ளி திறக்கிற ஜூனில் உடற்கல்வி ஆசிரியர் பிள்ளைகளின் உயரத்தை அளந்து பதிவேட்டில் எழுதும்போது, அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே பேட் நம்பருக்கு ஒரு கட்டம் போட்டால் போதும், எத்தனை நான்கு, எத்தனை ஐந்து, எத்தனை ஆறு என்ற கொள்முதல் பட்டியல் அங்கேயே தயாராகிவிடும்.